ஜில்லு உறுமாமல் இருந்த நாட்கள்

சைனிக்புரி,
14-9-2006, வியாழக்கிழமை

அன்புள்ள சாருவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை வினய்யும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். வாராவாரம் போனில் பேசுகிறவள் திடீரென்று காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளே என்று பயந்துவிடாதே. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்பீக்கர் பட்டனை அழுத்திவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை நீ ஜில்லு எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய், நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன், அது பொய். ஜில்லு அப்பாவைக் கடித்துவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி நிகில் காரை எடுத்துக்கொண்டு வந்து அவளை எங்கேயோ கொண்டுபோய் விடப்போகிறேன் என்கிறான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவளால் என்ன செய்ய முடியும், அழத்தான் முடியும் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் உன் சிநேகிதி வீட்டிலிருந்து நாய்க்குட்டியாகத் துணிப்பைக்குள் போட்டு, பஸ்ஸில் கண்டக்டருக்குத் தெரியாமல் கொண்டுவந்தவள் நீ, உனக்குத் தெரியாமல் அவளை அனுப்பிவிட்டு நான் எப்படிச் சோறு தின்பது?

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஆடி பிறந்த வாரத்தில் நிகிலும் மருமகள் ரஷ்மியும் அவர்கள் வளர்க்கிற லாப்ரடார் குட்டியைக் கொண்டுவந்து விட்டுப்போனார்கள், அது உனக்குத் தெரியும். கொண்டாப்பூரில் அவர்கள் பிளாட்டில் பகலெல்லாம் தனியாகக் கிடந்து குரைக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சண்டை, அசோசியேஷன்காரர்கள் நோட்டீஸே ஒட்டிவிட்டார்களாம், இரண்டு பேரும் ஆபீஸ் போய்விட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தால் அது என்ன செய்யும் பாவம். ரெண்டே மாசம்மா, தனி வீடு பார்த்ததும் கூட்டிட்டுப் போயிடறேன் என்றான். குட்டி என்று பேர்தான், ஒன்பது மாதத்தில் என் இடுப்பு உயரம், ராக்கெட் என்று பெயர் வேறு. முப்பது வருஷம் பாக்டரியில் ராக்கெட் பாகங்களை அளவெடுத்துப் பாஸ் போட்டேன், இந்த மாதிரி ஒரு பீஸை நான் பாஸ் பண்ணியிருக்கவே மாட்டேன் என்று அப்பா அன்றைக்கே சொன்னார். அவன் கெட்டவன் இல்லை சாரு. மனசில் கல்மிஷமே கிடையாது. ஆனால் எதைப் பார்த்தாலும் விளையாட்டு, துணி காய்ந்தால் இழுக்கிறான், செருப்பைத் தூக்கிக்கொண்டு மாமரத்தைச் சுற்றி ஓடுகிறான், எல்லாவற்றையும்விட அவனுக்கு ஜில்லுதான் வேண்டும். அவள் படுத்திருந்தால் மேலே விழுகிறான், நடந்தால் பின்னங்காலைக் கவ்வுகிறான், தண்ணீர் குடிக்கப் போனால் கழுத்தில் பல்லை வைத்து இழுக்கிறான். அவளுக்குப் பதினோரு வயசு, அவன் எடையில் கால் பங்குகூட இருக்க மாட்டாள்.

அவள் முதல் நாளே உறுமினாள். பல்லைக் காட்டாமல், தொண்டைக்குள்ளேயே கர் என்று ஒரு சத்தம், உனக்குத் தெரியுமே. நான் என்ன செய்தேன் தெரியுமா, அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து அவளைத்தான் அதட்டினேன். "ஏய் ஜில்லு, என்ன பழக்கம் இது, அது சின்னக் குழந்தை, விளையாடுது, நீதானே பெரியவ, விட்டுக்கொடுக்கக் கூடாதா" என்று. வாயில் அப்படித்தான் வந்தது, யோசித்தெல்லாம் சொல்லவில்லை. அப்பா பேப்பரைச் சுருட்டி அவள் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினார். மறுபடி உறுமினால் ஸ்டோர் ரூமில் போட்டுக் கதவைச் சாத்தினோம். சோறு வைக்கும்போதும் அவனுக்கு முதலில் வைப்பேன், சின்னது பசி தாங்காது என்று, அவன் தன் தட்டை நக்கி முடித்துவிட்டு அவள் தட்டுக்கு வந்தால் அவள் விலகி நிற்பாள், சமர்த்து என்று தலையைத் தடவிக்கொடுப்பேன். மூன்று வாரத்தில் அவள் உறுமுவதை நிறுத்திவிட்டாள். சத்தமே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம், ரெண்டும் ஒத்துமையாயிடுச்சு, ஜில்லு சாதுவாயிட்டா என்று உன்னிடம்கூடப் பெருமையாகச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நாட்களில்தான் அவள் கட்டிலுக்கு அடியில் சுவரை ஒட்டிப் போய்ப் படுக்க ஆரம்பித்தாள், பாதிச் சோற்றை மிச்சம் வைத்தாள், நீ கொடுத்துப் பழக்கிய உஸ்மானியா பிஸ்கட்டைக்கூட மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவாள், இரண்டு தடவை பிரிட்ஜ் பக்கத்தில் மூத்திரம் போய்விட்டாள். வயசாகிவிட்டது என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். கண் இருந்தும் பார்க்கவில்லை.

போன வாரம் திங்கட்கிழமை காலையில், பிள்ளையாரைக் கரைக்கிற நிமஜ்ஜனத்துக்கு இரண்டு நாள் முன்னால், அப்பா போர்ட்டிகோவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், ஜில்லு படிக்குப் பக்கத்தில் சாக்கில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். ராக்கெட் தோட்டத்திலிருந்து ஓடி வந்த வேகத்தில் அப்படியே அவள் இடுப்பின்மேல் விழுந்தான். அவள் ஒரு சத்தமும் போடவில்லை சாரு. திரும்பினாள், அவன் காதைக் கவ்வினாள், விடவில்லை. அவன் ஊளையிட்ட ஊளையில் எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அப்பா நடுவில் கையைக் கொடுத்து விலக்கப் போனார், அடுத்த கடி அவர் கட்டைவிரலுக்குக் கீழே விழுந்தது. மூன்று தையல். ஊசியும் போட்டுக்கொண்டு வருகிறார், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, காயம் ஆறிக்கொண்டு வருகிறது, நீ அதற்குப் பதற வேண்டாம். இடது கைதான். அன்றைக்கு அவள் கட்டிலுக்கு அடியில் போனவள் சாயங்காலம் வரைக்கும் வெளியே வரவில்லை, நான் குனிந்து கூப்பிட்டால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

அப்பா அன்றைக்கே நிகிலுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். அவன் உடனே, அப்பாவையே கடிச்சிருச்சு, நாளைக்கு வர்றவங்க போறவங்களைக் கடிச்சா என்ன பண்றது, வயசான நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது, ஆபீஸில் ஒருத்தன் சொன்னான், பதினேழாம் தேதி வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். அப்பா கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டார். கண் மங்கின நாய், என் புடவை வாசனையை வைத்து வீட்டைச் சுற்றுகிறவள், தெரியாத இடத்தில் நாற்பது நாய்களுக்கு நடுவில் எத்தனை நாள் இருப்பாள் நீயே சொல்லு.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் இரண்டு வீடு தள்ளி இருக்கிற வேணுகோபால் சாரிடம் போனேன். ஆர்மியில் குதிரைக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்த்து ரிட்டயர் ஆனவர், நீ இங்கே இருந்தபோது அவர்கள் வீடு கட்டவே ஆரம்பிக்கவில்லை. வந்து கட்டிலுக்கு அடியில் அந்த வயசில் தவழ்ந்து போய் அவளைத் தொட்டுப் பார்த்தார். பின்னங்கால் சப்பையில் எலும்பு தேய்ந்திருக்கிறதாம், அவன் ஒவ்வொரு தடவை மேலே விழும்போதும் அவளுக்கு உயிர் போகிற வலியாம். உறுமவில்லையா என்று கேட்டார். முதலில் உறுமினாள், நாங்கள் அதட்டி அடக்கிவிட்டோம், இப்போது உறுமுவதே இல்லை என்று பெருமையும் இல்லாமல் வெட்கமும் இல்லாமல் ஒரு மாதிரியாகச் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஐஸா நக்கோ அம்மா, அப்படிப் பண்ணவே கூடாது, அது உங்ககிட்ட மூணு வாரம் மரியாதையா சொல்லிச்சு, சொல்றதுக்கு எல்லாம் அடிச்சீங்க, அப்புறம் அது என்ன செய்யும்" என்றார். அவர் தமிழ் நீலகிரியில் போஸ்டிங் இருந்தபோது கற்றுக்கொண்டது, பாதி தெலுங்கும் பாதி ஹிந்தியும் கலந்து வரும், ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்றையிலிருந்து அவர் சொன்னபடி செய்துகொண்டு வருகிறேன். வலிக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார், தயிர்சாதத்தில் ஒளித்து வைத்துக் கொடுக்கிறேன். எங்கள் படுக்கையறை இப்போது ஜில்லுவுக்கு மட்டும், அவன் உள்ளே வரவே கூடாது. முதலில் நிகிலின் பழைய கேரம் போர்டை நிலைக்குக் குறுக்கே நிறுத்திப் பார்த்தேன், ஒரே தாவலில் தாண்டிவிட்டான், பிறகு மாடியில் கிடந்த கம்பிவலைக் கதவைக் கொண்டுவந்து மாட்டினோம், அப்பாதான் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டார், வாய் மட்டும் வேண்டாத வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. காலையில் ஐந்தரைக்கு ராக்கெட்டைக் காலனி நாலு ரோடும் சுற்றி நடக்க வைக்கிறேன், உண்மையில் அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு போகிறான், நான் உன் பழைய கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுகிறேன், பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அவன் நாக்கு வெளியே தொங்க, களைத்துப்போய்ப் படுத்த பிறகுதான் இரண்டையும் ஒரே இடத்தில் விடலாம், அதுவும் ஐந்து நிமிஷம், அவன் கழுத்துக் கயிறு தரையில் இழுபட்டுக்கொண்டே இருக்க வேண்டும், எகிறினால் கயிற்றை மிதித்துவிடலாம். ஜில்லு முகத்தைத் திருப்பினாலோ, உதட்டை நக்கினாலோ, வாலை உள்ளே இடுக்கினாலோ போதும் என்று அர்த்தம், உடனே அவனை அந்தப் பக்கம் கூப்பிட்டு உட்காரச் சொல்லி எலும்பைக் கொடுக்க வேண்டும். சோறு தனித்தனி அறையில், அவளுக்கு முதலில். அவள் உறுமினால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அவனைத்தான் விலக்க வேண்டும். இவ்வளவும் ஒன்பது நாளாக நடக்கிறது. அவன் கொஞ்சம் அடங்கியிருக்கிறான். ஆனால் அவள் இன்னும் உறுமவில்லை. வேணுகோபால் சார் தினமும் வாசலில் நின்று உறுமினாளா என்று கேட்கிறார், இல்லை என்றால் முகம் வாடிப்போகிறது. உறுமாமல் கடிக்கிற நாயை வீட்டில் வைத்துக்கொள் என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடியாது, மறுபடி உறுமிவிட்டால் பயமில்லை என்கிறார். இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. நாய் உறுமட்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதை இப்போது தபாலில் போட மனசு வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம்

நிகில் பதினொரு மணிக்கு வந்தான். ரஷ்மி வரவில்லை, இதைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டாளாம், நல்ல பெண். கார் பின் சீட்டில் பழைய கம்பளி விரித்து வைத்திருந்தான். நான் முதலில் சாப்பிடு என்று உட்காரவைத்து வத்தக்குழம்பும் அப்பளமும் போட்டேன், நேரத்தை ஓட்டுவதற்குத்தான். அவன் சாப்பிட்டுக்கொண்டே, அம்மா நீ என்னை வில்லனா பாக்காத, எனக்கு மட்டும் ஆசையா என்றான், கண் கலங்கியிருந்தது. பிறகு நான், போகிறதுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை எப்படி விளையாட விடுகிறேன் என்று பார்த்துவிட்டுப் போ என்று இரண்டையும் ஹாலில் விட்டேன். அப்பா கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றார், அவர் எப்போதிலிருந்து என் கட்சிக்கு வந்தார் என்று எனக்கே தெரியாது. காலையில் நடக்க வைத்திருந்தும் நிகிலைப் பார்த்த குஷியில் ராக்கெட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சுற்றுச் சுற்றினான், முன்னங்காலைத் தாழ்த்தினான், நேராக ஜில்லுவை நோக்கிக் கிளம்பினான். நான் கயிற்றை மிதிக்கக் காலைத் தூக்கினேன், எட்டவில்லை.

ஜில்லு உறுமினாள். பெரிய சத்தமெல்லாம் இல்லை சாரு, துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு கர், நடுவில் ஒரு தடவை தயங்கி என் முகத்தைப் பார்த்தாள், அடிக்கப்போகிறேனா என்று பார்த்தாள், பிறகு இன்னொரு தடவை உறுமினாள். ராக்கெட் அப்படியே நின்றுவிட்டான். நிகில் பழக்க தோஷத்தில், ஏய் ஜில்லு சும்மா இரு, அது சின்னது என்று கையை ஓங்கிவிட்டான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, "அவளை ஒண்ணும் சொல்லாத, அவ சொல்றதைக் கேளு" என்று கத்திவிட்டேன். ராக்கெட் இரண்டடி பின்னால் போய், நான் சொல்லாமலேயே உட்கார்ந்தான். நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், அவள் வந்து என் முழங்காலை மோந்தாள். அப்பா நிகிலிடம், காரில் இருக்கிற கம்பளியை எடுத்து மடித்து வை என்றார், அவ்வளவுதான் சொன்னார். ஜில்லு எங்கேயும் போகவில்லை. நிகில் இனி வாராவாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து ராக்கெட்டைக் கூட்டிக்கொண்டு போய் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுவான், வீடு மாறுகிறவரைக்கும் அப்படி. அசோசியேஷன்காரர்களை நான் பார்த்துக்கறேன் என்கிறான், பார்ப்போம். எனக்குப் பயம் முழுசாகப் போகவில்லை, கம்பிவலைக் கதவைக் கழற்றப்போவதில்லை. வேணுகோபால் சார், சப்பை எலும்பு இனிமேல் சரியாகாது, இன்னும் ஒரு வருஷம் இருப்பாள், அதற்கு மேலும் இருந்தாலும் இருக்கலாம் என்றார். ஒளிக்காமல் எழுதிவிட்டேன்.

இப்போது மதியத்திலிருந்து ஒன்று என் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது, எழுதாவிட்டால் தூக்கம் வராது. நிகில் எம்செட் பரீட்சைக்குப் படிக்கிறான் என்று உன் அறையை அவனுக்குக் கொடுத்தோமே, அன்றைக்கு நீ தம்ளரைத் தரையில் வீசிக் கத்தினாய். நான் கன்னத்தில் ஒரு அறை கொடுத்து, நீதானே பெரியவ என்றேன். அதற்குப் பிறகு நீ கத்தவே இல்லை. சாருவைப் போலப் பொறுமைசாலி யாரும் இல்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு நாள் சிநேகிதி கல்யாணம் என்று சொல்லிவிட்டு மெட்ராஸ் போய்வந்தாய், வந்து பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்து, விசா ஆயிடுச்சும்மா, இருபதாம் தேதி கிளம்பறேன் என்றாய். அப்போது எனக்கு நெஞ்சில் கத்தி இறங்கின மாதிரி இருந்தது, இப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் செய்துவிட்டாளே என்று ஏழு வருஷமாக உன்மேல்தான் வருத்தமாக இருந்தேன். இன்றைக்குத்தான் என்மேல் வருத்தமாக இருக்கிறது. நீ முன்னாலேயே சொல்லியிருந்தாய், நான்தான் அடித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு எனக்கு வார்த்தை தெரியாது கண்ணு, தப்பு என்று மட்டும் தெரிகிறது.

போன வாரம் போனில்கூட அதையே செய்தேன். டிசம்பரில் ரஷ்மியின் அப்பா அம்மா இங்கே வந்து தங்குகிறார்கள், அறை போதாது, நீ இங்கே வருவதை மார்ச்சுக்கு மாற்றிக்கொள்ளேன், நிகிலுக்குச் சங்கடமாக இருக்கும் என்று சொன்னேன். நீ சரிம்மா என்றாய். ஒரே ஒரு சரிம்மா. லீவு போட்டு, டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறவள் எப்படி அவ்வளவு சீக்கிரம் சரி என்கிறாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. மாற்றாதே. நீ டிசம்பரிலேயே வா, சொன்ன தேதிக்கே வா, சம்பந்திகளுக்கு எங்கே இடம் என்பதை நிகில் யோசிக்கட்டும், கிளம்புகிற வேளையிலேயே அவனிடம் சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், வைத்துக்கொள்ளட்டும். உனக்கு வர மனசில்லை, எங்கள் மேல் கோபம் என்றாலும் அதையும் சொல்.

அங்கே குளிர் ஆரம்பிக்கப்போகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ, தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, மறந்துவிட்டுக் காபி குடிக்காதே. மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், நூறு வயசு நல்லபடியாக இருங்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் போன் பண்ணு. அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார், இருக்கட்டும், அவரும் கேட்கட்டும். சரிம்மா என்று மட்டும் ஆரம்பிக்காதே. எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசு, நான் அதட்ட மாட்டேன்.

உன் அம்மா,
நீலா சாம்பசிவம்